நனைந்த வயிறு

வெள்ளையின் நடுவில் அது நிற்கிறது, சிவந்த நெட்டைக் கால்கள் இரண்டையும் உப்பில் ஊன்றி, கறுத்த சிறகை முதுகோடு ஒடுக்கி, ஊசி போன்ற அலகைத் தாழ்த்தித் தன் காலடியையே பார்த்துக்கொண்டு, மேலே வானம் வெள்ளை, கீழே நிலம் வெள்ளை, இரண்டும் எங்கே சேர்கின்றன என்று சொல்ல ஒரு கோடுகூட இல்லை, திரை முழுக்க அந்த ஒரே ஒரு பவளக்காலி, மண்டபத்தில் விளக்கை அணைத்ததும் பின்வரிசையில் யாரோ ஒரு பெண், ஐயோ எவ்வளவு அழகு, என்று மூச்சை உள்ளே இழுத்தாள், எனக்குக் குமட்டியது. பக்கத்து நாற்காலியிலிருந்து என் மனைவி தங்கக்கனி என் முழங்கையைப் பிடித்து அழுத்துகிறாள், பேசாமல் இருங்கள் என்று அர்த்தம், நான் இன்னும் பேசவே தொடங்கவில்லை. இது என் தம்பி ஜெயக்கொடியின் விழா, அவன் எடுத்த பறவைப் படங்கள் புத்தகமாகி இன்று வெளியாகின்றன, தூத்துக்குடியில் பெரிய மனிதர் என்று பெயரெடுத்தவர்கள் எல்லாரும் வந்திருக்கிறார்கள், குடும்பத்து மூத்தவன் என்ற முறையில் முதல் பிரதியை நான் மேடையேறி வாங்க வேண்டும், வாங்கி இரண்டு வார்த்தை பேச வேண்டும், புத்தகத்தின் அட்டையில் இதே படம், முதல் பக்கத்தில், முட்டை மிதிபடாத அளத்தின் முதலாளி எங்கள் ஐயா வைகுண்டம் அவர்களுக்கு, என்ற வரி, நீக்கு என்று நான் சொல்லி அவன் நீக்காத வரி, அந்த வரிக்கும் இந்தப் படத்துக்கும் நடுவில் ஒரு நாற்றம் கிடக்கிறது, இந்த மண்டபத்தில் அது மூன்று பேர் மூக்குக்கு மட்டும் தெரியும், அவனுக்கு, எனக்கு, என் முழங்கையைப் பிடித்திருக்கும் இவளுக்கு.

எங்கள் தகப்பனார், ஐயா என்றுதான் கூப்பிடுவோம், அவருடைய உப்பளம் ஊருக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடக்கிறது, பங்குனி பிறந்தால் பாத்திகளில் உப்பு பூக்கும், சித்திரையில் வெயில் ஏற ஏற வாருவார்கள், வாரி வரப்பில் குவிப்பார்கள், சரியாக அதே நேரத்தில்தான் பவளக்காலி அந்த வரப்பில் முட்டையிடும், அதற்கு வேறு காலம் தெரியாது, கூடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இருக்காது, கிளிஞ்சல் துண்டும் உப்புக்கட்டியும் காய்ந்த உமரிக் குச்சியும் ஒரு கையகலம், நடுவில் மண்நிறத்தில் கரும்புள்ளி போட்ட நான்கு முட்டைகள், ஐயா அதைக் கண்ட நிமிஷமே அந்தப் பாத்தியில் வேலையை நிறுத்திவிடுவார், வரப்பில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டச் சொல்வார், குஞ்சு இறங்கி ஓடும்வரை அந்தப் பக்கம் ஆள் போகக்கூடாது, உப்பு முற்றிக் கல்லாக இறுகினாலும் சரி. பக்கத்து அளத்துக்காரர்கள் கோட்டி முதலாளி என்றார்கள், டீக்கடையில் சத்தமாகவே, ஏ வைகுண்டம், நீரு அடைகாத்தது போதும், பொரிச்சதும் எங்களுக்கு ரெண்டு குஞ்சு அனுப்பி வையும்வே, என்று சிரித்தார்கள், ஐயா சிரிக்க மாட்டார், நம்ம எடம்னு நம்பி வந்து பெத்துப் போட்டிருக்கு, பிள்ளத்தாச்சிய வெளிய புடிச்சுத் தள்ளுத ஆளாவே நாம, என்று கேட்டுவிட்டு டீயைக் குடிப்பார், கேட்டவர்கள் கண்ணாடி டம்ளரைப் பார்ப்பார்கள். கேலியாகத் தொடங்கியது பிறகு எங்கள் வீட்டு அடையாளமாகவே ஆகிவிட்டது, என் தங்கையைப் பெண் கேட்டு வந்தவர்கள்கூட, முட்டை மிதிபடாத அளத்து வீட்டில் சம்பந்தம் வைக்க வேண்டும் என்றுதான் வந்தார்கள், நாங்கள் கோயில் கட்டவில்லை, பள்ளிக்கூடம் கட்டவில்லை, எங்களுக்கு இருந்த பேர் அது ஒன்றுதான்.

அந்த முட்டைக்குச் சூடு வேண்டாம், குளிர்ச்சிதான் வேண்டும், உப்பளத்து வெயிலில் தரையில் வைத்தால் எதுவும் வெந்துவிடும், அதனால் பறவை எழுந்து ஓடும், பக்கத்தில் பாத்திக்குப் பாய்ச்சக் கடல்நீரைத் தேக்கிவைத்த தெப்பத்தில் இறங்கி அடிவயிற்றைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி நனைத்துக்கொள்ளும், சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டைமேல் உட்காரும், காய்ந்ததும் மறுபடி ஓடும், ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி, உச்சி சாயும்வரை இதே ஓட்டம், நானும் ஜெயக்கொடியும் டவுசர் போட்ட காலத்திலேயே தெப்பக்கரையில் குந்தியிருந்து இதைப் பார்த்தவர்கள், அவன் அதைப் போலவே குனிந்து வயிற்றை நனைத்துக்கொண்டு ஓடிக் காட்டுவான், ஐயாவுக்கே சிரிப்பு வந்துவிடும், அவனுக்குத் தெரியும், அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை, தெரியாதவன் செய்தால் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

கேமராவை முதலில் வாங்கியவன் நான், அதைப் பற்றிப் பெருமை இல்லை, காலையில் யாரும் வருவதற்கு முன் வரப்பில் ஓலைத் தடுப்பு ஒன்றை வைத்து அதன் பின்னால் உட்காருவேன், உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை, ஒரு பறவை, மிச்சமெல்லாம் வெறும் வெளி, எனக்கும் அதுதான் பிடிக்கும், ஆனால் அதற்குப் பறவை தானாகக் கூட்டத்தை விட்டு விலகி வர வேண்டும், வானம் தானாக வெளுக்க வேண்டும், காற்று நின்று தண்ணீர் தகடாக வேண்டும், எதுவும் என் கையில் இல்லை, அங்கே இருக்கும்போது நான் முதலாளி இல்லை, அண்ணாச்சி இல்லை, என் மூச்சுச் சத்தமே எனக்கு இடைஞ்சலாக இருக்கும், அந்தத் தனிமையில் ஒரு கூச்சம் இருக்கிறது, பெண்கள் குளிக்கும் துறைப் பக்கம் தலையைத் திருப்பாமல் நடந்து போகிற கூச்சம், பெரும்பாலான நாட்கள் ஒரு படமும் எடுக்காமல் வீட்டுக்கு வருவேன், இன்னைக்கு என்ன புடிச்சீய, என்பாள் தங்கக்கனி, ஒண்ணும் புடிக்கல, என்பேன், அப்ப இட்லியாவது புடிக்குதான்னு பாருங்க, என்று தட்டை நகர்த்துவாள், எனக்கு அது போதும், பார்த்துவிட்டு வந்தேன், அதற்குமேல் என்ன.

ஜெயக்கொடி வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் கேமராவைத் தொட்டான், வாங்கியதே பீரங்கி மாதிரி லென்ஸ், கூடவே ஒரு நண்பர் கூட்டம், ஞாயிற்றுக்கிழமை நாலு கார், தொப்பி, புள்ளிப் புள்ளிச் சட்டை, அவர்கள் எடுக்கும் படத்துக்கு மினிமலிசம் என்று பெயர், படத்தில் ஒரு சின்னக் குச்சி தெரிந்தாலும் மூக்கைச் சுளிப்பார்கள், குப்பை இருக்கு சார், குப்பை இருக்கு சார், என்பார்கள், குருவி உட்கார்ந்த கிளையில் இலை இருந்தால் அது குப்பை, பின்னால் மரம் இருந்தால் அது குப்பை. அவனுக்குக் காத்திருக்க வராது, சிறுவயதிலும் வராது, அண்ணாச்சி நீங்க தவம் பண்ணுதீய, நான் படம் எடுக்கேன், வேண்டாதத எல்லாம் எடுத்துப்போட்டா மிச்சம் நிக்கதுதான் படம், என்று சொல்லிச் சிரிப்பான், அவன் சிரித்தால் யாருக்கும் கோபம் வராது, எனக்கும் வந்ததில்லை, வந்திருக்க வேண்டும்.

இந்தச் சித்திரையில் தெப்பத்தை ஒட்டிய பாத்தி வரப்பில் ஒரு ஜோடி முட்டையிட்டது, சிவப்புத் துணி கட்டினோம், பொரிக்க வேண்டிய காலம் வந்தது, போனது, பொரிக்கவில்லை, பறவைகள் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தன, தெப்பத்துக்கு, முட்டைக்கு, தெப்பத்துக்கு, முட்டைக்கு, உப்பு இறுகிக் கடப்பாரை போட்டாலும் அசையாது என்று ஆன பிறகும் நான் துணியை அவிழ்க்க விடவில்லை, முதலாளி இது கூமுட்டை, கையக் கழுவிருங்க, என்று அளத்தில் எல்லாரும் சொல்லிவிட்டார்கள், ஐயா இருந்தால் என்ன செய்வாரோ அதைச் செய்கிறேன் என்று விறைப்பாக நின்றேன். ஒரு முற்பகல் காற்று திரும்பியபோது நாற்றம் வந்தது, போய்ப் பார்த்தேன், ஒரு முட்டை வெடித்திருந்தது, உள்ளிருந்தது பச்சையும் கறுப்புமாக வழிந்து மற்ற மூன்றையும் உப்போடு உப்பாக ஒட்டியிருந்தது, ஈ மொய்த்தது, அதன்மேல் அந்தப் பறவை உட்கார்ந்திருந்தது, அதன் வெள்ளை வயிற்றில் அந்த அழுக்கு அப்பியிருந்தது, என்னைக் கண்டு எழுந்து தெப்பத்துக்கு ஓடியது, நனைத்துக்கொண்டு திரும்பி வந்து அந்த நாற்றத்தின்மேல் சொட்டியது, நான் வரப்பின் மறுபக்கம் குனிந்து வாந்தி எடுத்தேன். வெயில் இந்த வருஷம் கூடுதல் என்று நினைத்துக்கொண்டேன், வெயில்மேல் பழி போட்டேன்.

ஆவணியில் ஜெயக்கொடி இந்தப் படத்தைச் சட்டம் போட்டு எடுத்துவந்தான், வடக்கே எங்கோ பெரிய போட்டியில் பரிசு வாங்கிய படம், பெயர் தனிமை, அண்ணாச்சி இது நம்ம வீட்டுல, ஐயா படத்துக்குக் கீழதான் இருக்கணும், என்று அவனே ஆணி அடித்து மாட்டினான், நான் தள்ளி நின்று பார்த்தேன், நெஞ்சு நிறைந்தது, மறைப்பானேன், எத்தனை வருஷம் உட்கார்ந்தும் எனக்குக் கிடைக்காத வெறுமை அது, அவன் தோளைத் தட்டினேன், பாயசம் வைக்கச் சொன்னேன். மறுநாள் காலை பேப்பர் படிக்க மாட்டிய கண்ணாடியோடு அதன் எதிரே போய் நின்றேன், வயிற்றுத் தூவிகள் ஒட்டிக் கூம்பு கூம்பாகத் தொங்கின, ஒரு கூம்பின் நுனியில் ஒரு துளி, விழப்போகிற துளி, கீழே உப்பில் ஏற்கெனவே விழுந்த இரண்டு துளிகளின் சாம்பல் வட்டம், நான் அப்படியே நின்றேன், வயிறு நனைந்த பவளக்காலி வேறெங்கும் போகாது, முட்டைக்குத்தான் போகும், இது போய்ச் சேர்ந்துவிட்டது, நிற்கிறது, குனிந்து பார்க்கிறது, முட்டை இல்லை.

வரச்சொல்லி ஆள் அனுப்பினேன், வந்தான், முட்டை எங்கலே, என்றேன், எந்த முட்டை அண்ணாச்சி, என்றான், இந்த வயித்துக்கு அடியில இருக்க வேண்டிய முட்டை, என்றேன், அவன் ஒரு நிமிஷம் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான், அம்மாடி, நடுவரு அத்தன பேரு பாத்தாவ, ஒருத்தர் கண்ணுலயும் படல, உங்க கண்ணு கண்ணுதான் அண்ணாச்சி, என்றான், பிறகு சமையல் பக்குவம் சொல்வதுபோலச் சொன்னான், ஒரு உச்சிவேளை அளத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் போய், முட்டைகளைத் தொப்பியில் எடுத்து வரப்பின் அந்தப் பக்கம் வைத்தானாம், கிளிஞ்சலையும் குச்சியையும் பொறுக்கிவிட்டு, பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷால் அந்த இடத்தை நிரவி, மேலே பொடியுப்பைத் தூவினானாம், அது வந்து நின்னுச்சு பாருங்க அண்ணாச்சி, எங்கயும் போகல, கூப்பிட்டு நிறுத்துன மாதிரி, போகும், நனைச்சிட்டு வரும், அதே எடத்துல நிக்கும், தலையக் குனியும், நான் நெனச்ச மாதிரியே குனிஞ்சுது. முட்டை பக்கத்துலதானே கெடந்துச்சு, அதத் தேடிப் போகலியா, என்றேன், போகல, அதுக்கு எடம்தான் கணக்குபோல, நானே மறுபடி எடுத்து அதே எடத்துல வச்சேன், கிளிஞ்சலக்கூட அடுக்கி வச்சேன், வந்து உக்காந்துட்டு, என்ன கொறஞ்சு போச்சு, என்றான். வெந்து போச்சுல, என்றேன், வெறும் வெயிலுல வச்சு அவிச்சிருக்க, அது அவிஞ்ச முட்டைக்கு வைகாசி பூரா தண்ணி சொமந்துச்சு, நான் பாத்தேன். அவன் முகம் கொஞ்சம் சுருங்கியது, பிறகு, காக்கா கொத்தலியா, பாம்பு குடிக்கலியா, இயற்கையில எத்தனையோ வீணாப் போவுது அண்ணாச்சி, நாலு முட்டைக்கு இப்படிப் பேசுதீய, என்றான். காக்கா எங்க ஐயா பேர புத்தகத்துல போட்டுக்கிடாதுல, என்றேன்.

படத்தைக் கழற்றி அவன் கையில் கொடுத்தேன், புத்தகத்தில் ஐயா பெயரை எடு என்றேன், படம் உன் இஷ்டம், பரிசு உன் இஷ்டம், அந்தப் பெயர் உன் சொத்து இல்லை, அது பாகம் பிரித்ததில் வரவில்லை, அச்சாயிட்டு அண்ணாச்சி, பத்திரிகைக்காரங்க அந்தக் கதையத்தான் கேக்காங்க, பறவைக்குப் பாத்திய விட்ட குடும்பம்னு, அது இல்லன்னா இது வெறும் படம், என்றான், என்ன வார்த்தை, வெறும் படம், வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, நீங்க மேடையில ஏறி ரெண்டு வார்த்த பேசிட்டாப் போதும், ஊரு கொண்டாடும், என்று வேறு சொன்னான். அன்று மத்தியானம் படுத்தவன் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை, ஐயா பாத்தி வரப்பில் வருகிறார், வேட்டி முழங்காலுக்குமேல் நனைந்து ஒட்டியிருக்கிறது, சொட்டுகிறது, எங்க வச்சிருந்தேன், இங்கதானே வச்சிருந்தேன், என்கிறார், குனிந்து பார்க்கிறார், நான் சொல்ல வாயைத் திறக்கிறேன், வாய்க்குள் கூமுட்டை நாற்றம், தெப்பத்துக்குப் போய் நனைந்துவிட்டு மறுபடி வருகிறார், இங்கதானே, என்கிறார், விழித்தபோது தலையணை வியர்வையில் ஈரமாக இருந்தது, அந்த நாற்றம் போகவில்லை, இன்றுவரை சோற்றில் இருக்கிறது, மோரில் இருக்கிறது.

தங்கக்கனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவள் முகம் சுளித்தாள், சீ, பாவத்தப் பண்ணிட்டாவ, என்றாள், ஆனால் அடுத்த மூச்சில், ஏங்க, அதுக்காகக் கூடப்பொறந்தவர சபையில தலகுனிய வச்சிராதீங்க, அவிய சம்பந்தகாரங்க முழுக்க வாராவ, நாளைக்கு நீங்க கீழ விழுந்தா தூக்க வாரது பறவையா, கொழுந்தனாரா, என்றாள். பறவைக்காக இல்ல, ஐயாவுக்காக, என்றேன், அவிய போய்ச் சேந்து எவ்வளவு காலமாச்சு, எழுந்து வந்து புத்தகத்தப் படிக்கப் போறாவளா, என்றாள், வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்கக் கொடுத்தேன், குடும்பச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டு வராத வீடு எங்களுடையது, அதுவும் ஐயா வைத்த வழக்கம்தான், ஒரு கையில் அந்த வழக்கம், ஒரு கையில் இந்த வழக்கம், இரண்டையும் பிடித்துக்கொண்டு காரில் ஏறினேன்.

மண்டப வாசலிலேயே கேக் வைத்திருந்தார்கள், மேலே அதே படத்தை இனிப்பில் அச்சடித்து, சிவப்புக் கால், கறுப்புச் சிறகு, வெள்ளைக் கிரீம், ஜெயக்கொடி கத்தியைக் காலடியில் வைத்து அறுத்தான், எல்லாரும் கைதட்டினார்கள், வரிசையில் நின்ற ஒரு பெரியவர், தம்பி இது முட்ட போட்டதா, போடாததா, நான் சைவம், என்று கேட்க, சார் முட்ட எடுத்தது சார், தைரியமாச் சாப்பிடுங்க, என்றான் பரிமாறியவன், ஜெயக்கொடி என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், எனக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள், அதில் பறவையின் தலை இருந்தது, குனிந்த தலை, தட்டை அப்படியே நாற்காலிக்கு அடியில் தள்ளினேன். இப்போது மேடையில் ஒரு பேராசிரியர் பேசிக்கொண்டிருக்கிறார், அன்பர்களே, இந்தப் பறவைக்கு யாரும் தேவையில்லை, இது தன்னில் நிறைந்து நிற்கிறது, இந்தத் தனிமை ஒரு தவம், என்கிறார், திரையில் அது காலடியையே பார்த்துக்கொண்டிருக்கிறது, வயிற்று நுனியில் அந்தத் துளி என் தலையளவுக்குப் பெரிதாகத் தொங்குகிறது, இத்தனை பேர் கண்முன்னால், யாருக்கும் தெரியவில்லை, தேவையில்லையாம், நிறைந்து நிற்கிறதாம்.

என் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள், தங்கக்கனி முழங்கையை விட்டாள், நிமிர்ந்துதான் ஏறினேன், புத்தகத்தை ஜெயக்கொடி இரண்டு கையாலும் நீட்டினான், வாங்கினேன், கனமாக இருந்தது, ஒலிபெருக்கி முன்னால் நின்றேன், தம்பி பெயர் கெடாமல், ஐயா பெயரும் கெடாமல், புரிகிறவனுக்குப் புரிகிற மாதிரி ஒரு வாக்கியம், அதைத்தான் காரில் வரும்போது யோசித்து வைத்திருந்தேன், இந்தப் பறவை தனிமையில் நிற்கவில்லை, தன் முட்டைகளைத் தேடி நிற்கிறது, என்றேன். எல்லாத் தலையும் திரைப் பக்கம் திரும்பியது, புரிந்துவிட்டது என்று நினைத்தேன், பிறகு கைதட்டல், இதுவரை இல்லாத கைதட்டல், பேராசிரியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார், ஆகா, ஒரே வரியில் கவிதை, அண்ணாச்சிக்குள்ள இப்படி ஒரு கவிஞரா, என்கிறார், முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைக்கிறாள், ஜெயக்கொடி என் காதருகே குனிந்து, அவன் குரல் நடுங்குகிறது, பயம் தெளிந்த நடுக்கம், நல்லாச் சொன்னீய அண்ணாச்சி, காப்பாத்திட்டீய, ரெண்டாம் பதிப்புல படத்துக்குக் கீழ இதையே போட்டுருவோம், என்கிறான், அவன் வாயில் கேக் வாசனை, கிரீமும் முட்டை போடாத மாவும், அந்த வாசனைக்கு அடியில் மற்றது, வெடித்தது, வழிந்தது, ஈ மொய்த்தது, அது என் சட்டையில் இருக்கிறது, என் வாக்கியத்திலும் இருக்கிறது, நானே துடைத்து நிரவி மேலே பொடியுப்பைத் தூவிக் கொடுத்திருக்கிறேன்.

மறுபடி ஒலிபெருக்கியைப் பிடித்தேன், கவிதை இல்லவே, என்றேன், என் குரல் அளத்தில் கூப்பிடும் குரலாக இருந்தது, முட்டை இருந்துச்சு, எங்க அளத்து வரப்புல இருந்துச்சு, படம் சுத்தமா வரணும்னு அத எடுத்து வெயிலுல வச்சது என் தம்பி, நாலும் வெந்து போச்சு, இந்தப் புத்தகத்துல எங்க ஐயா பேரு இருக்கக்கூடாது, இருந்தா அது பொய்யி. முதல் பக்கத்தைக் கிழித்தேன், நல்ல தடித்த காகிதம், எளிதில் வரவில்லை, சபையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், ஜெயக்கொடி மேடையை விட்டு இறங்கினான், அவனுடைய சம்பந்தகாரர்கள் எழுந்தார்கள், தங்கக்கனி மடியில் இருந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், பேராசிரியர் கைக்குட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார். யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று நின்றேன், திட்டுவார்கள் என்றாவது, கடைசியில் பின்வரிசை இருட்டிலிருந்து ஒரு குரல், மரியாதையான குரல்தான், ஐயா கொஞ்சம் நகந்துக்கிடுங்க, படம் மறைக்குது. அப்போதுதான் கவனித்தேன், திரைக்கு முன்னால், வெளிச்சத்தின் பாதையில் நின்றிருக்கிறேன், பறவை என்மேல் விழுந்திருக்கிறது, சிவந்த கால்கள் வேட்டியில், கறுத்த சிறகு தோளில், நனைந்த வயிறு என் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, துணி மடிப்பில் அதன் உருவம் கோணிப் போயிருக்கிறது, அசிங்கமாக இருக்கிறது, முதல்முறையாக உள்ளபடி இருக்கிறது, நகருங்க ஐயா, என்று மறுபடியும் குரல் வருகிறது, நகர்ந்தால் அது அந்த வெள்ளைக்குத் திரும்பிவிடும், மறுபடி அழகாகிவிடும், நான் நகரவில்லை.